பாம்புக்குப் பதவி கொடுத்த புற்று

ஒரு காட்டில், கோடை பிறப்பதற்குள் ஒரு செயலியை முடித்தாக வேண்டியிருந்தது. காட்டில் இருந்த ஒரே குளத்துக்கு யார் எப்போது தண்ணீர் குடிக்க வரலாம் என்று டோக்கன் கொடுக்கும் செயலி. போன கோடையில் மான்களும் சிறுத்தைகளும் ஒரே வரிசையில் நின்றதில், மான்கள் தரப்பில் ஆள் குறைந்துபோயிருந்தது.

வேலை கரையான்களின் குழுவுக்கு வந்தது. குழுத் தலைவி செல்லாயி கெட்டிக்காரி. புற்றின் எந்த அறையில் யார் எந்த புரோகிராமை எழுதுகிறார்கள் என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவாள். முடியாது என்று சொல்லத்தான் வராது. வாடிக்கையாளரிடம் முடியாது என்கிறவள் வேலையில் உயர மாட்டாள் என்று சேர்ந்த புதிதில் யாரோ சொன்ன அறிவுரையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாடிக்கையாளர், வனசபை உறுப்பினரான அம்பாரி என்ற யானை. தினமும் காலையில் குளித்துவிட்டு நேராகப் புற்றடிக்கு வருவார்.

"ஒண்ணுமில்ல செல்லாயி, ஒரு சின்ன மாற்றம்தான்" என்று ஆரம்பிப்பார்.

ஒருநாள் டோக்கனில் புலியின் வரி இன்னும் கம்பீரமாகத் தெரிய வேண்டும். மறுநாள் வௌவால்களுக்காக எழுத்தெல்லாம் தலைகீழாக வர வேண்டும். பிறகு, ஆமைக்கு மட்டும் டோக்கன் முந்தின வாரமே போய்ச் சேர வேண்டும். சொல்லிக்கொண்டே புற்றில் சாய்ந்து முதுகைத் தேய்த்துக்கொள்வார். ஒரு பக்கச் சுவர் பொலபொலவென்று உதிரும்.

"பார்க்கிறோம் ஐயா" என்பாள் செல்லாயி. கரையானுக்குக் கண் கிடையாது. இருந்தும் அம்பாரி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு போவார்.

இப்படியே இரண்டு தவணை தவறியது. குழுவில் பாதிப் பேர் உதிர்ந்த சுவரைப் பூசினார்கள்; மீதிப் பேர் தலைகீழ் எழுத்தில் தலை சுற்றிக் கிடந்தார்கள். குளத்தின் ஓரம் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி மான் ஒருத்தி மூச்சிரைக்க வந்து, செயலி எப்போது முடியும் என்று கேட்டாள். செல்லாயி அவளிடமும் "பார்க்கிறோம்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே வாய் கசந்தது.

அந்த வாரம்தான் கார்வண்ணன் என்ற கருநாகம் வீடு தேடி வந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் புற்றுக்குள் புகுந்து, மேல்தளத்தில் சுருண்டு படுத்தது. கரையான்கள் கொதித்துப்போனார்கள். நாம் கட்ட இவன் குடியேறுவதா, முப்பாட்டன் காலத்து அநியாயம் இன்னும் தீரவில்லையா என்று கூடிக் கூடிப் பேசி, மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

மறுநாள் காலை அம்பாரி வந்தார். சின்ன மாற்றம் என்று சொல்லி முதுகைச் சாய்த்தார். தூக்கம் கலைந்த பாம்பு படமெடுத்து ஒரு சீறு சீறியது. அம்பாரிக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அவசரமில்லை, அடுத்த ரிலீஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முனகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த செயலியின் வரிசைப் பகுதி சாயங்காலத்துக்குள் முடிந்தது. செல்லாயி மேல்தளத்துக்கு ஏறினாள்.

"நீங்க இங்கேயே இருங்க. உங்களுக்கு டெலிவரி மேனேஜர்னு ஒரு பதவி தர்றோம்."

"எனக்கு இந்த வேலை எதுவும் தெரியாதே" என்றது பாம்பு.

"அதை யாரும் கேக்க மாட்டாங்க."

பதவி வந்த பிறகு 'அது' என்று சொல்வது மரியாதையில்லை. அவர் வாசலில் தூங்கினார். யாராவது வந்தால் சீறினார். கோடைக்கு முன்பே செயலி வெளிவந்தது. மான்கள் காலையிலும் சிறுத்தைகள் மாலையிலும் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். சிறுத்தைகள் மட்டும் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள்.

வனசபை பாராட்டு விழா எடுத்தது. மேடைக்கு அழைக்கப்பட்டவர் கார்வண்ணன். குழுவை நடத்துவது எப்படி, வேலையில் உயர்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கியைக் கண்டு மிரண்டு அவர் சீறினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். கீழே உட்கார்ந்திருந்த செல்லாயிக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு அடுத்த வருடம் சிறகு தருவதாகச் சபை அறிவித்தது. சிறகு முளைத்த கரையான்கள் ஈசலாய் ஒரே ஒரு மாலைதான் பறப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை.

வினை அப்புறம்தான் வந்தது. கார்வண்ணனை இன்னும் பெரிய பதவிக்குத் தயாராக்க, சபை அவரைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் வாயில் தேன் ஒழுகியது. அம்பாரியைக் கண்டதும் படத்தைத் தாழ்த்தி, "உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்றார். அம்பாரி ஆசையாகச் சாய்ந்தார். கிழக்குச் சுவர் முழுசாகப் போயிற்று.

செல்லாயி சுவரைப் பூச நிற்கவில்லை. கார்வண்ணனைச் சபைக்கே உயர்த்தும்படி அன்றே பரிந்துரை அனுப்பினாள். பிறகு புதருக்குள் போய், போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் காரணமில்லாமல் சீறிக்கொண்டிருந்த ஒரு கண்ணாடி விரியனைத் தேடிப் பிடித்தாள்.

"எங்கேயாவது பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

"இல்ல" என்று சீறியது விரியன்.

"நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க."

நீதி: புற்று கட்டுகிறவர்கள் பாம்பு குடிவந்ததே என்று புலம்பக் கூடாது. நன்றாகச் சீறுகிற பாம்பாகப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு நல்ல குணம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.