வெல்கோ படம் வரவழைத்த படலம்

வாழ்க வெல்கோ! ப்லோவ்திவ் மாநகரத்துத் திராக்கியா குடியிருப்பில், லிஃப்ட் ஓடாத ஏழாம் மாடியில் கொலுவீற்றிருப்பவனும், ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டரையெல்லாம் பிழையின்றிக் கணக்கெடுப்பவனும், ஒயர் என்று பேர்படைத்த எதையும் குப்பைக்கு ஈயாது டிராயரில் சேர்த்துவைத்த பெருநிதிக் கிழவனும், நெவேனாவின் கொழுநனும், கலீனாவைப் பெற்றவனும் ஆகிய அவ்வீரனின் வெஞ்சமரைப் பாடத் துணிந்தோம். நாமகளே, வந்து நாவில் அமர்க, முழு சார்ஜோடு வருக.

வியன்னாவில் இசை பயிலும் கலீனா அன்று மாலை நான்கு மணிக்கு முதன்முதலாகத் தனியே மேடையேறிப் பாடவிருந்தாள். அது நேரலையில் வரும். பேத்தியைக் காணவென்றே மாமியார் யோர்தாங்கா முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்து, ஏழு மாடியும் ஏறி, விசேஷத்துக்கு உடுத்தும் கறுப்புப் பட்டில் அமர்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு செல்போன் திரை ஒரு தீப்பெட்டி. லேப்டாப்போ சென்ற வாரம் கீழே விழுந்து திரை கருகி, ஒரு மூலையில் உள்ளங்கையளவே உயிரோடிருந்தது. எனவே, போன இலையுதிர்காலத் தள்ளுபடியில் வாங்கி, நல்ல நாளுக்கென்று அலமாரி மேலேற்றி வைத்திருந்த பெரிய மானிட்டரை வெல்கோ இறக்கினான். பெட்டிக்குள் தெர்மாகோலில் ஒரு பள்ளம் வெறுமையாய்க் கிடந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிளாமெனை வரச்சொல்லலாமா என்று நெவேனா மெல்லக் கேட்டாள். பிளாமென் அவள் அக்காள் கணவன், வெல்கோவின் சகலை. இவ்வீட்டில் பழுதான எதையும் அவனே சரிசெய்வான், சரிசெய்ததை ஒவ்வொரு விருந்திலும் சொல்லியும் காட்டுவான். வெல்கோ எழுந்து நின்று சபதம் உரைத்தான்.

"இந்த வீட்டு ஒயர்ல இனிமே உங்க அக்கா புருஷன் கை படக் கூடாது. படத்த நானே வரவழைக்கிறேன்."

டிராயர் திறந்தது. கறுத்தனவும் வெளுத்தனவும், நெடியனவும் குறியனவும், செல்போனோடு வந்ததும் ஹெட்போனோடு வந்ததும் பல்துலக்கும் மிஷினோடு வந்ததுமாகிய ஒயர்ச் சேனை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வெளிப்பட்டது. அடேயப்பா, அத்தனைக்கும் ஒரே வாய், ஒரே முகம்! ஒவ்வொன்றும் லேப்டாப்பின் துளையில் வெண்ணெயாய் நுழைந்தது. சார்ஜ் விளக்கும் எரிந்தது. படத்தை மட்டும் ஒன்றும் சுமந்து வரவில்லை. மின்சாரம் உண்ணத் தெரிந்த பாவிகளுக்குப் படம் கடத்தத் தெரியவில்லை. சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று மானிட்டர் நீலநிறத்தில் ஆணையிட்டது. ஊதிச் செருகினான், புரட்டிச் செருகினான், அணைத்துப் போட்டான், இறுதியில் வீரமரபுப்படி ஓங்கித் தட்டினான். மானிட்டர் அசைந்துகொடுக்கவில்லை.

மணி நான்காக, வியன்னாவின் கைதட்டல் லேப்டாப்பிலிருந்து கேட்டது. அழைப்புமணியும் அடித்தது. நெவேனா ரகசியமாக போன் செய்திருந்தாள். பிளாமென் தோளில் அடாப்டர் பையும் கையில் ஒரு மரப்பெட்டியுமாக நின்றான். சென்ற புரட்டாசியில் வெல்கோ கொடுத்தனுப்பிய குடமிளகாய்த் தொக்கு தீர்ந்த காலிக் கண்ணாடி ஜாடிகள் அதற்குள் இருந்தன. ஜாடியைத் திருப்பித் தராதவனுக்கு அவ்வூரில் அடுத்த வருஷம் தொக்கு கிடையாது.

"தள்ளு சகலை, இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை," என்றான்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவன் அடாப்டர்கள் வரிசையாக மாண்டன. அந்தத் தோல்வியை வெல்கோ மனம்குளிர ரசித்திருப்பான். ஆனால் அறிவிப்பாளர் அப்போது கலீனாவின் பெயரை வாசித்துவிட்டார். பியானோ தொடங்கிற்று.

"போதும் மாப்ள, சத்தம் கேக்குதுல்ல," என்றார் யோர்தாங்கா. "கண்ண மூடிக்கிட்டு கேட்டுக்கிறேன்."

உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். மாமியாரைப் பார்க்கத் தாளாமல் தலைகுனிந்த வெல்கோவின் கண் மரப்பெட்டியில் விழுந்தது. பெட்டியைச் சுற்றி, அவனே போட்ட இரட்டை முடிச்சோடு, தடித்துக் கறுத்த ஒயர் ஒன்று இறுகிக் கிடந்தது. தெர்மாகோல் பள்ளம் நினைவுக்கு வந்தது. இவ்வளவு தடியான ஒயர் யாருக்கு வேண்டும், நம்மிடம்தான் டிராயர் நிறைய இருக்கிறதே என்று அன்று மானிட்டர் பெட்டியிலிருந்து உருவிக் கட்டியவன் சாட்சாத் அவனேதான்.

பாய்ந்தான். முடிச்சைப் பல்லால் கடித்தான், காலால் பெட்டியை மிதித்து இழுத்தான். பெட்டி சாய, ஜாடிகள் நிலமதிர வீழ்ந்துடைந்தன. அவற்றைக் கடந்துசென்று ஒரு முனையை மானிட்டரிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செலுத்தினான். நீலம் கறுத்தது, கறுமை வெளுத்தது, மேடைமேல், பாட்டி தைத்துக்கொடுத்த வெள்ளை உடுப்பில், கலீனா வாய் திறந்தாள்.

"அத்தை, கண்ணத் தொறங்க," என்றான் வெல்கோ.

யோர்தாங்கா பார்த்தார். அவரும் அழுதார், நெவேனாவும் அழுதாள். பிளாமென்கூட, நல்லவேளை நான் அந்தக் கயிற்றைத் தூக்கிப்போடவில்லை என்பதை மிகமிகத் தாழ்ந்த குரலிலேயே சொன்னான். மூவுலகும் ஒயரால் இணைந்து நின்ற அப்பெருங்கணத்தில், உடைந்த கண்ணாடி நடுவே ஒற்றைக்காலில் நின்றபடி, வெற்றித்திருமகன் வெல்கோ தன் மகளின் பாட்டைக் கடைசி அடிவரை கேட்டான்.

பாட்டு முடிந்ததும் நெவேனா துடைப்பத்தை எடுத்துவரச் சொன்னாள், எடுத்துவந்தான்.