வெறும் உப்புதான்!

கொல்லையில் உப்புநீர் நீச்சல் குளம் வைத்திருக்கும் உப்புநீர்க்குளத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வேலிக்கு ஒருவராக அகப்படுவார். அடையாளம் காண நீங்கள் சிரமப்பட வேண்டாம். கொல்லைப்புறத்தில் நீங்கள் காலை வைத்ததும், குடிக்க ஏதாவது தருவதற்கு முன்பே, "எங்க குளத்துல ஒரு சொட்டு குளோரின் கிடையாது, வெறும் உப்புதான்" என்று சொல்லிவிடுவார்.

லிண்டன் பாஸ்கோ இந்த இனத்தில் உயர்ந்த ரகம். குளத்து நீரை அள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "கண்ணீரைவிட உப்பு கம்மி" என்பார். பக்கத்து வீட்டு கோஸ்டாஸ் டப்பாவிலிருந்து குளோரின் ஊற்றுவதைக் கண்டால், "என்னப்பா, இன்னிக்கும் விஷக் குளியலா?" என்பார். தம் வீட்டு மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறதே, அது உப்புநீரில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அந்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்குகிறது, அது கிருமிகளைக் கொன்றுவிட்டு மறுபடி உப்பாகிவிடுகிறது என்பதை அவருக்கு யார் சொல்வது? மனைவி கிளெனிஸ் சொன்னார்.

"அது வேற குளோரின்" என்றார் லிண்டன்.

மகள் பிரான்வினுக்கு அந்தக் குளக்கரையிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. கல்யாண வாரம் பார்த்துத் தண்ணீர் பாசி பிடித்துப் பட்டாணி சூப்பாக மாறியது. லிண்டன் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். மறுநாள் இன்னொரு மூட்டை. பெட்டிக்குள் இருந்த தகடுகளில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு, பெட்டி குளோரின் உண்டாக்குவதையே நிறுத்தியிருந்தது. கொட்டக் கொட்ட உப்புதான் கூடியது.

"வெள்ளை கவுனைப் போட்டுக்கிட்டு நான் சாக்கடை ஓரமாவா நிக்கணும்?" என்று பிரான்வின் அழுதாள். கிளெனிஸ் ஒரு பாட்டில் குளத்து நீரையும் கணவரையும் குளச்சாமான் கடைக்கு இழுத்துப் போனார். கடைப்பெண் சோதித்தாள்.

"உப்பு ஏகத்துக்கு இருக்கு. குளோரின்தான் துளிகூட இல்ல."

லிண்டனின் முகம் மலர்ந்தது. "கேட்டியா கிளெனிஸ்? இத்தனை வருஷமா நான் சொன்னா நம்பினியா?"

"இந்த வாரம் நம்பறேன். இப்பத்தான் நீ சொன்னது நெசம். அதான் தவளை குடிவந்திருக்கு."

அன்றே, லிண்டன் கல்யாணத்துக்கு ஒயின் வாங்கப் போன நேரம் பார்த்து, கிளெனிஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"கோஸ்டாஸ், உன் விஷத்துல கொஞ்சம் கொடேன்."

"எவ்வளவு வேணும்?"

"இருக்கறதெல்லாம். சிரிக்காம ஊத்திட்டுப் போ."

இருவருமாகத் தகடுகளையும் கழுவி மாட்டினார்கள். கல்யாணத்தன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. லிண்டன் மகளைக் கைபிடித்து நடத்தி வரும்போது, மாப்பிள்ளையின் தகப்பனார் குளத்தைப் பார்த்து, "அடேயப்பா, என்ன தெளிவு!" என்று முணுமுணுத்துவிட்டார். போதாதா? பாதி வழியில் மணப்பெண்ணை நிறுத்திவிட்டு லிண்டன் ஆரம்பித்தார்: "ஒரு சொட்டு..."

"அப்பா, நட!"

கோஸ்டாஸுக்கு மட்டும் ஏனோ இருமல் வந்தது.

நமக்கேது நீச்சல் குளம், தப்பித்தோம் என்று சிரிக்கிறீர்கள். உள்ளேயே ஊறுவதை, கடையில் வாங்காததால் வீட்டில் இல்லை என்பவர்கள் குளக்கரையில் மட்டுமா இருக்கிறார்கள்? "நாங்கல்லாம் சாதி பாக்கறதில்லைங்க, சும்மா, உங்களுக்கு எந்த ஊர்ப் பக்கம்னு கேட்டேன்" என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டதில்லையா?

கேட்டதே இல்லையா? அப்படியானால், சொன்னவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.