முதல் வரியின் பழைய முகவரி

மேனேஜர் ஆவண அறைக்குள் மாட்டிக்கொண்டு சரியாக மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கதவுகளின் மின்பூட்டை இயக்கும் நிரலை எழுதியவள் அங்கே தற்காலிக வேலையில் இருந்த ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மியூட் என்று பெயர்.

"அஞ்சு மணிக்குள்ள அவர் வெளிய வரணும். இல்லன்னா உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்," என்றார், தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரியம்மா.

மியூட் தலையாட்டினாள். விடுவதாக இல்லை.

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிரலைப் படித்து நிறைவேற்றுவது பைத்தான் என்ற மென்பொருள். அதன் முகவரி நிரலின் முதல் வரியில் இருக்கும். அன்று மதியம் மாடிக் கதவுகளை இயக்கும் கணினிக்குப் புதிய பதிப்பு போட்டதில் பைத்தான் வீடு மாறிவிட்டது. முதல் வரி இன்னும் பழைய வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

புதிய முகவரியை எழுதினாள். ஆவண அறையில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு அசையவில்லை.

போன் அடித்தது. கீழே வரவேற்பில் இருக்கும் அக்கா.

"ஏம்மா, கேன்டீன் கதவு சாத்திக்கிச்சு. பசிச்சவங்க உள்ள, சமைக்கிறவர் வெளிய."

கீழ்த்தளக் கதவுகளுக்கும் அதே நிரல்தான்; ஆனால் அங்கிருக்கும் கணினி பழையது. அங்கே புதிய முகவரியே கிடையாது.

'எங்கிருந்தாலும் தேடிப் பிடி' என்று முதல் வரியை மாற்றினாள். கீழ்த்தளக் கணினி ஏதோ மூலையிலிருந்து ஆதிகாலத்துப் பைத்தான் ஒன்றைப் பிடித்து வந்தது. அதற்குப் பாதி நிரல் புரியவில்லை.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"தானா திறக்குது, தானா மூடுது. அக்கவுன்டன்ட் பாதி உள்ள, பாதி வெளிய."

மியூட் ஆவண அறைக் கதவருகே போனாள்.

"சார், இன்னும் கொஞ்ச நேரம்."

"அவசரமே இல்லம்மா. நிதானமா பாரு."

இவ்வளவு பொறுமைசாலி என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அந்த நல்ல மனிதருக்காகவாவது முடித்தாக வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி முதல் வரி எழுதினாள்.

ஐந்தாகப் பத்து நிமிடம். கட்டடத்தின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன, கழிப்பறை உட்பட. ஆவண அறை மட்டும் மூடியே இருந்தது.

அதிகாரியம்மா கைகட்டிப் பின்னால் வந்து நின்றார். மியூட் கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"சார், எல்லாமே திறந்திருச்சு. உங்க கதவு மட்டும்தான்..."

உள்ளிருந்து தணிந்த குரல் வந்தது.

"பூட்டு அப்பவே திறந்திருச்சும்மா. உள்தாழ்ப்பாளை நான்தான் போட்டிருக்கேன். அந்த அதிகாரியம்மா கிளம்பிட்டாங்களா?"