கூட்டு மலர்ச்சித் திட்டம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை, எங்கள் தெருவில் 'இருமுறை பூக்கும் அசேலியா வளர்ப்போர் நலச் சங்கம்' தோன்றும் வரை. அதன் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எனக்குத் தற்பெருமை கிடையாது; சங்கத்தில் அதற்கென்றே ஓர் உபகுழு இருக்கிறது.

அசேலியா என்பது இடுப்பளவு வளரும் புதர்ச்செடி. சாதாரண ரகம் வசந்தத்தில் ஒருமுறை பூத்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று மிச்ச வருஷத்தைச் சும்மா நின்று கழிக்கும். இருமுறை பூக்கும் ரகமோ வெயில் தணிந்ததும் இன்னொரு சுற்று வரும். அதற்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும். வேர் மேலாக ஓடுவதால் அடியில் கொத்தாமல் சருகு போட்டு மூட வேண்டும். கிளையை வெட்டுவதானால் முதல் பூ உதிர்ந்த கையோடு வெட்ட வேண்டும். தாமதித்தால் அடுத்த மொட்டும் சேர்ந்து போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலும் செடியைச் சும்மா விட வேண்டும். ஆளாளுக்கு அவரவர் இஷ்டப்படி சும்மா விட்டால் நாடு தாங்குமா? அதற்காகத்தான் சங்கம்.

எங்கள் தலைவர் லிஃப்ட் கம்பெனியில் மேலாளராக இருந்தவர். மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துப் பழகியவர். தெருவில் எல்லோரும் ஒரே நர்சரியில் செடி வாங்கினோம். தலைவர் மட்டும் வேறு கடையில் வாங்கினார். தலைவர் என்றால் ஒரு வித்தியாசம் வேண்டாமா?

தொடக்க விழாவுக்கு 'ஒன்றுபட்டு மலர்வோம்' என்ற பேனரைக் கட்ட ஏணியில் ஏறிய என் மனைவி, யாரோடும் ஒன்றுபடாமல் தனியாகக் கீழே விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. வசந்தம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் குழி தோண்டி, சருகு பரப்பி வளர்த்த செடி, அவள் இல்லாமலே பூத்துத் தீர்த்தது. கைத்தடியோடு வீடு திரும்பியபோது பழுப்பாக வாடிய இதழ்கள்தான் மிச்சம்.

"விடுங்க, இன்னொரு தடவை பூக்கும்ல" என்றாள். கையோடு வாடிய நுனிகளைக் கிள்ளிவிட்டாள். அன்று முதல் தினமும் செடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பூவைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

வெயில் தணிந்தது. தெருவின் முதல் மொட்டு பல் டாக்டர் வீட்டுச் செடியில் தலைகாட்டியது. தகவல் கிடைத்து தலைவர் நேரில் வந்தார்.

"யாரைக் கேட்டு மொட்டு விட்டுச்சு?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. அதுவா விட்டுச்சு" என்றார் டாக்டர்.

"அதுவாவா? இன்னைக்கு அதுவா மொட்டு விடும். நாளைக்கு அதுவா பூக்கும். அப்புறம் நாம எதுக்குய்யா மீட்டிங் போடுறோம்?"

இந்தக் கேள்விக்கு விடை காண உடனே ஒரு மீட்டிங் போட முடிவு செய்தோம்.

டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், அவசரக் கூட்டம் நடந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரும் கையைத் தூக்கியதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். தீர்மானம் இதுதான்: எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூக்க வேண்டும். இதற்குப் பெயர் 'கூட்டு மலர்ச்சி'. தலைவர் வீட்டுச் செடிதான் அளவுகோல். அதில் மொட்டு வரும் வரை, முந்திக்கொண்ட செடிகள் 'சமப்படுத்தப்படும்'. வெட்டுவது என்று சொல்லக் கூடாது. வெட்டினால் அது வன்முறை, சமப்படுத்தினால் நிர்வாகம்.

கத்தரிக்கோலும் கையுமாக வீடு வீடாகப் போனோம். என்ன உற்சாகம்! டாக்டர் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, வலிக்கவே வலிக்காது" என்று செடிக்கு ஆறுதல் சொன்னார். தையல்கடைக்காரர் டேப் வைத்து அளந்து, "ஓரத்துல ஒரு இஞ்ச் உள்ள விட்டிருக்கேன், வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத்தான் வெட்டினார், மன்னிக்கவும், சமப்படுத்தினார். தலைவர் வீட்டுச் செடியை மட்டும் தூரத்தில் நின்று வணங்கினோம். அதில் ஒரு மொட்டுகூட இல்லை. எவ்வளவு கட்டுப்பாடு!

கடைசியாக எங்கள் வீடு. செடி நிறைய மொட்டு. அதற்கு முன்னால் நாற்காலி. நாற்காலியில் என் மனைவி.

"தள்ளிக்கம்மா" என்றார் தலைவர். "செயலாளர் வீட்டுச் செடி முன்மாதிரியா இருக்கணும்."

"இருக்கட்டும் அண்ணே. உங்க செடி எப்ப பூக்கும், அதை மட்டும் சொல்லுங்க."

"வசந்தத்துல."

"இப்ப?"

"இப்ப எப்படிம்மா பூக்கும்? அது ஒரு தடவை பூக்குற ரகம். வாங்கும்போதே கடைக்காரர் சொல்லிட்டாரு."

தையல்கடைக்காரரின் டேப் சுருண்டு கீழே விழுந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?" என்றார்.

"யாரும் கேக்கலையேப்பா."

என்ன ஒரு வெளிப்படைத்தன்மை! மறைக்கவில்லை, மழுப்பவில்லை. முதலில் கைதட்டியவன் நான். மற்றவர்களும் கத்தரிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் என்னைப் பார்த்து, "ம், நடக்கட்டும்" என்றார். நான் முன்னே போனேன். மனைவி கைத்தடியைக் குறுக்கே நீட்டினாள்.

"முதல்ல என்னைச் சமப்படுத்துங்க. ஏற்கெனவே ஒரு கால் குட்டையாத்தான் இருக்கு, சுலபமா முடிஞ்சிடும்." அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. "என்னங்க, அந்தக் கட்டில்ல இந்தப் பூவை நெனச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கத்தரிக்கோலோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சங்க வரலாற்றில் அது ஒரு கரும்புள்ளி. 'கடமை தவறிய செயலாளர்' என்று என்மேல் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். அதை வாசித்து நிறைவேற்றியதும் நான்தான்.

செடி பூத்தது. இலையே தெரியாத அளவுக்கு, வெட்கமில்லாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்தது. அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன், செயலாளராக அல்ல, தனிப்பட்ட முறையில்.

மாலையில் தலைவரைத் தவிர தெருவே எங்கள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றது.

"எங்க செடியும் இப்படித்தான் பூத்திருக்கும் இல்லக்கா?" என்றார் டாக்டர்.

"பூத்திருக்கும்பா."

"எல்லாம் அந்த மனுஷனால வந்த வினை" என்றார் தையல்கடைக்காரர், தெருக்கோடியை ஒருமுறை பார்த்துக்கொண்டு.

என் மனைவி பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரை ஏன் சொல்றீங்க? அவருகிட்ட கத்தரிக்கோலே கெடையாது. வெட்டினது பூரா உங்க உங்க வீட்டுக் கத்தரிக்கோல்தானே?"

இந்த வாக்கியத்தை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சுவரோரமாகவே ஒருமனதாக முடிவு செய்தோம். தலைவர் சொல்லாமல், நாங்களாகவே நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான்.