அரை நாள் அண்ணன்

நான் ஒருமுறை ஓர் அண்ணனை இரவல் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஏணி இரவல் வாங்குவார்கள், ஜமக்காளம் வாங்குவார்கள், கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவைகூட வாங்குவார்கள். அண்ணனை வாங்கியவள் பாகூர் வட்டாரத்திலேயே எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். வாங்கியது தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். விசாரிக்காமல் வாங்கினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ பக்கம். எங்கள் முன்னோர் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டக் கப்பலேறியவர்கள். எந்த ஊர், எந்தக் குலதெய்வம் என்ற விவரமெல்லாம் கப்பலிலேயே கரைந்துவிட்டது. எங்கள் ஊர்த் தொழிற்சாலைக்கு எலக்ட்ரீசியனாக வந்த குமரவேலைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றபோது கொஞ்சமும் யோசிக்கவில்லை. நானும் தமிழச்சி, போகிற இடமும் தமிழர்கள் ஊர், இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். (வயது இருபத்தாறு. மன்னித்துவிடுங்கள்.)

புதுச்சேரிப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வெள்ளைக்காரி கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தால், "பாவம், அதுக்கு இன்னா தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்கள். என் முகமும் பேச்சும் அவர்களுடையதைப் போலவே இருந்ததால் எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. நான் தெரியாமல் செய்தால் அதற்குப் பெயர் திமிர். குழந்தைக் கஞ்சியில் நெத்திலியை வறுத்துப் பொடித்துப் போட்டேன், திமிர். சாம்பிராணிப் புகை வேண்டாம், பிள்ளை இருமுகிறாள் என்றேன், பெரிய திமிர். என் மகள் கயலுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகினால் அது மலேசியா உடம்பு. அவளே இரண்டு வயதில் அறுபது வரை எண்ணினால் அது எங்க வம்சத்து மூளை. "எங்க" என்பதில் நான் இல்லை.

இந்த விமரிசனக் குழுவின் தலைவி என் நாத்தனார், வசந்தா அண்ணி. என் கணவருக்கு அக்கா. கல்யாணமாகிப் போனது பக்கத்துத் தெருவுக்கு என்பதால் எங்கள் வீட்டில் என்ன தாளித்தாலும் அவருக்கு மணம் போய்விடும். கயலுக்கு மூன்று வயதானதும் காதுகுத்துக்கு நாள் பார்த்தவரும் அவர்தான். நாளைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு கேள்வியையும் வைத்தார்.

"மாமன் மடிக்கு இன்னாம்மா பண்ணப் போற?"

நான் ஒற்றைப் பிள்ளை. பெரியப்பா பிள்ளைகளில் ஒருவன் கப்பலில் இருந்தான், இன்னொருவன் விசாவுக்கு ஓடிக்கொண்டிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கித்தாத் தோட்டத்துக்கும் தாய்மாமன் வந்திருந்தார்.

அண்ணியிடமே தீர்வும் இருந்தது. "எங்க வூட்டுக்காரரு ஒனக்கு அண்ணன் மொறதான. அவரு மடியில ஒக்கார வெச்சா முடிஞ்சிது."

முறை சரிதான். ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. அப்பா பக்கமும் அவர்களே, அம்மா பக்கமும் அவர்களே என்றால், என் மகளுக்கு நான் யார்? பெற்றுக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறவளா? அவளுக்கும் தாய்வழி என்று ஒன்று இருக்கிறது, அது ஒரே ஓர் ஆளாக இருந்தாலும் சபையில் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"வேணாம் அண்ணி. என் பக்கத்துல இருந்து அண்ணன் வருவார்" என்றேன்.

"எந்த அண்ணன்?"

"கூடப் பிறக்காத அண்ணன்."

"இன்னா ஆளுங்க?"

"என் ஆளுங்க."

அந்தப் பதிலை இன்றைக்கும் நான் ரசிக்கிறேன். அப்போது ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. அண்ணன் என்று யாரும் இன்னும் கிடைக்கவில்லை.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அங்கே விளையாட்டு வாத்தியாராக ராஜவேலு சார் இருந்தார். ஆறடி உயரம், கழுத்தில் எந்நேரமும் விசில், அதட்டினால் மரத்திலிருக்கும் காக்கையும் வரிசையில் நிற்கும். மனசு மட்டும் வெண்ணெய். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் தங்கச்சி கெடையாது டீச்சர். இது என் கடமை" என்றார். ஒரு வாரம் அவரை ஒத்திகை பார்த்தேன். நான் அண்ணே என்று கூப்பிட வேண்டும், அவர் தங்கச்சி என்று சொல்ல வேண்டும். நான் தேறிவிட்டேன். அவர் ஏழு நாளும் "சரிங்க டீச்சர்" என்றே பதில் சொன்னார்.

அவர் எந்த ஊர்க்காரர், பூர்வீகம் எது என்று நான் கேட்கவில்லை. எந்தக் கோயில் என்று அவரும் கேட்கவில்லை. "பாகூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயில், கரும்புக் கொல்லைக்கு நடுவில்" என்று சொல்லி, போனில் வழியை அனுப்பிவிட்டேன்.

சீர்வரிசை முழுக்க என்னுடைய ஏற்பாடு. தோடு, பாவாடை சட்டை, பழம், பூ, மலேசியாவிலிருந்து அம்மா அனுப்பிய பிஸ்கட் டின்கள். என் மகளுக்கு நான் வாங்கியதை, இன்னொருவர் கொண்டுவந்து என்னிடமே கொடுக்க, நான் முதல் தடவை பார்ப்பதுபோல வாங்கிக்கொள்ள வேண்டும். (கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்பட்டுப் பழகினேன்.) பள்ளியின் மற்ற டீச்சர்களே தட்டுத் தூக்க ஒப்புக்கொண்டார்கள்.

குறித்த நாளில் என் கணவரின் குலதெய்வமான பச்சைவாழியம்மன் கோயிலில் எல்லோரும் கூடிவிட்டோம். வேன் வந்து நின்றது. பட்டு வேட்டியில் ராஜவேலு சார் இறங்கினார். விசிலைக் கழற்ற மறந்துவிட்டார். மறந்ததோடு நிற்காமல் அதை எடுத்து ஊதவும் செய்தார். தட்டோடு இருந்த டீச்சர்கள் பழக்கதோஷத்தில் உயர வரிசைப்படி நின்றார்கள். மேளம் முழங்க, என் பக்கத்து மனிதர்கள் கரும்புக் கொல்லை ஓரமாக அணிவகுத்து வந்தார்கள். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மாமனுக்கு மாலை போட்டாயிற்று. அப்போதுதான் அவர் அந்தக் கோயிலை ஏற இறங்கப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார், வெளியே நிற்கும் மண்குதிரையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் என் காதருகே குனிந்தார்.

"டீச்சர், எங்க கொலதெய்வமும் இதே கோயில்தான். எங்க தாத்தா இங்கேர்ந்துதான் வில்லியனூருக்குப் பொழைக்கப் போனாரு. நான் சின்னப் புள்ளையில வந்தது, வழி மறந்துட்டுது. இப்ப இன்னாங்க டீச்சர் பண்றது?"

அவர் குரல் நடுங்கியது. பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டேன். குலதெய்வமே இல்லாத வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் என்ன இருக்க முடியும்? இத்தனை கோயில் இருக்க, என் அண்ணனின் சாமியும் என் கணவரின் சாமியும் ஒன்றே! அவர் என் முந்தானையைப் பிடித்து இழுப்பதற்குள் மைக்கை எடுத்துவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தோஷமான செய்தி. எங்க அண்ணனுக்கும் இதே அம்மன்தான் குலதெய்வமாம்."

கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன். மேளம் நின்றுபோனது. பிறகு என் கணவரின் பெரியப்பா ஒருவர் எழுந்து வந்து, ராஜவேலு சாரிடம் அவருடைய தாத்தா பெயரைக் கேட்டார். இவர் பெயரைச் சொன்னதும், "அடப்பாவி, நம்ம பங்காளிடா" என்று கட்டிக்கொண்டார். அடுத்த நிமிடம் ஆளாளுக்கு அவரை இழுத்துப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்தத் தாத்தா எந்த வருஷம் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கத்துக்கு இருந்த ஒரே ஆணும் எதிரணியில் சேர்ந்துவிட்டார்.

எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. அண்ணிதான் பக்கத்தில் வந்து, அவசரமே இல்லாமல் விளக்கினார்.

"ஒரே கொலதெய்வம்னா பங்காளி. பங்காளின்னா என் தம்பி குமாருக்கு அவரு அண்ணன். ஒனக்கும் அண்ணன்னு சொல்லித்தான கூட்டியாந்திருக்கற? அப்ப நீ குமாருக்கு யாரு? கணக்கு டீச்சர்தான, கணக்கு போட்டு சொல்லு."

நான் போட்டேன். விடை வருவதற்குள் கூட்டத்திலிருந்து யாரோ "தங்கச்சி" என்றார்கள். சிரிப்பு கொல்லையைத் தாண்டித் தார் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். மேளக்காரர் சிரித்தார், தட்டுத் தூக்கி வந்த டீச்சர்களும் சிரித்தார்கள். என் கணவர் அம்மன் முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் சாமி கும்பிட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அண்ணி தன் கணவருக்குக் கண் காட்டினார். அவர் வந்து பலகையில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். அந்த மீசையைப் பார்த்த கயல், "வேணாம், வேணாம்" என்று அலறி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். காது குத்த வந்த பத்தர் வாட்சைப் பார்த்தார். "யாரு மடியாச்சும் சீக்கிரம் சொல்லுங்கப்பா. கிருமாம்பாக்கத்துல இன்னொரு காது எனக்காக காத்துக்கினு கெடக்குது."

அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் காலைக் கட்டிக்கொண்டு நின்றவளைக் குனிந்து பார்த்ததும் கோபம்தான் மேலே வந்தது. இவளுக்குத் தாய்வழி ஆள் இல்லை என்று யார் சொன்னது? தாயே இருக்கிறேனே. ஈப்போவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவள் பலகை வரைக்கும் போக மாட்டேனா?

கயலைத் தூக்கிக்கொண்டு போனேன். "அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றேன். அண்ணியின் கணவர் பயந்துபோய் எழுந்துவிட்டார். நான் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாடி இது?" என்றார் அண்ணி.

"மாமன் மடிதானே வேணும்? இந்தப் பிள்ளைக்கு நான்தான் மாமன்."

"பொம்பள எப்பிடிடி மாமனாவா?"

"அஞ்சு நிமிஷத்துல பொண்டாட்டிய தங்கச்சியா ஆக்கிட்டீங்க. அம்மாவ மாமனா ஆக்கறதுக்கு மட்டும் வழி இல்லையா அண்ணி?"

முதலில் சிரித்தவர் பத்தர்தான். "மாமன் ரெடி, புள்ள தலைய கெட்டியா புடிங்க" என்று ஊசியை எடுத்தார். ராஜவேலு சார் பங்காளிகளைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். போட்ட உணர்ச்சியில் விசிலையும் ஊதிவிட்டார். மேளக்காரர்கள் அதைச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு கெட்டிமேளம் கொட்டினார்கள். கயல் என் கையைக் கடித்து வைத்தாள். தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

இது நடந்து பத்து வருடமாகிறது. ராஜவேலு சார் எனக்கு அரை நாள் அண்ணனாக இருந்தார், இப்போது ஆயுசுக்கும் மைத்துனர். அவர் வீட்டில் ஒரு பெரியவர் செத்ததற்கு நாங்கள் பதினாறு நாள் தீட்டுக் காத்தோம், அம்மன் திருவிழாவே போயிற்று. என் கணவருக்கு அதிகப்படி தைரியம் வந்துவிட்டால், "தங்கச்சி, ஒரு டீ கெடைக்குமா?" என்பார். கிடைக்காது. கயல் என்னிடம் ஏதாவது சாதிக்க வேண்டுமென்றால் மட்டும் "மாமா" என்று கூப்பிடுகிறாள்.

அண்ணி மட்டும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. போன மாதம் வரைக்கும் இல்லை. அவர் மகன் மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்த்த ஒடிசாப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெயர் லிப்சா. அவர்கள் மகனுக்கு இப்போது காதுகுத்து. லிப்சாவின் தம்பிக்கு அங்கே பரீட்சை, வர முடியாது. சீரியல் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி, டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு மூணு நாளா சரியா துண்ணல. அவ பக்கத்துக்கு யாரும் இல்லன்னு அழுவுது. எங்க ஆளுங்க யாரு மடியும் வேணாங்குது."

"சரி அண்ணி."

"இன்னா சரி? நீ வந்து ஒக்காரு."

எனக்கு உடனே ஒப்புக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் சூடுபட்டவள் இல்லையா? லிப்சாவுக்குப் போன் செய்து, உங்கள் குலதெய்வம் எது, எந்த ஊர் என்று முழு விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் சம்மதித்தேன்.

தட்டுகளோடு நான் வேனிலிருந்து இறங்கியபோது கோயிலில் நல்ல கூட்டம். லிப்சா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வழியை மறித்து நின்றிருந்த தன் வீட்டு ஆண்களை அண்ணி இரண்டு கையாலும் ஒதுக்கித் தள்ளினார்.

"நவுந்து நில்லுங்கப்பா, தாய்மாமன் வராங்க."