ஒரு முழம் ஆற்றிய சிவப்புச் சாயம்

ஒரே ஒரு வேலை மட்டும் நன்றாகத் தெரிந்தவன் ஆபத்தானவன். மற்ற எல்லா வேலைகளும் அவனுக்கு அந்த ஒன்றைப் போலவே தோன்றும். எனக்குத் தெரிந்த அந்த ஒன்று, தேநீர் ஆற்றுவது. படிப்பு முடிந்து தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மூன்று மாதம், கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் கலக்கினேன். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முழம், இரண்டு முழம் என்று இழுத்து ஊற்றுவேன். நுரை பொங்கும். ஒரு சொட்டுச் சிந்தாது. (சிந்தியிருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லை.)

இந்தத் திறமையை ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு பொம்மை லோரியிடம் காட்டினேன்.

அப்போது எனக்குப் புதிதாக ஒரு பொழுதுபோக்கு தொற்றியிருந்தது. பிளாஸ்டிக் உதிரிகளை ஒட்டிக் குட்டி வாகனங்கள் செய்து, ஏர்பிரஷ் என்கிற பேனா அளவுத் துப்பாக்கியால் சாயம் அடிப்பது. அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் ஓய்வு பெற்றார். மாமா முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஏற்றிப்போன லோரிக்காரர். சாவியைக் கொடுத்துவிட்டு ஜெராம் ஊரிலுள்ள வீட்டில் வந்து உட்கார்ந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தொலைபேசியில் அழாத குறை.

“தம்பி, இன்னமும் காலைல அஞ்சு மணிக்குச் சப்பாத்து மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்துக்கிறாருடா. மனுசன் சிரிச்சு மூணு வாரமாச்சு.”

“கவலைய விடுக்கா. ஞாயித்துக்கிழமை அவருக்கு வைக்கிற ஓய்வு விருந்துல அவரு லோரியவே அவரு கையில கொடுக்கிறேன். அதே சிவப்பு. பாத்ததும் சிரிக்கலன்னா என்னைக் கேளு லா.”

(கேட்டார்கள். இன்றுவரை கேட்கிறார்கள்.)

ஞாயிறு நண்பகல். விருந்து ஐந்து மணிக்கு. ஒரு சாண் நீள லோரி ஒட்டி முடித்துத் தயாராக நின்றது. சாயம் அடிப்பதுதான் பாக்கி. புட்டியில் இருக்கும் அக்ரிலிக் சாயம் தோசைமாவு போலக் கெட்டியாக இருக்கும். ஊசிமுனைத் துளையில் அது நுழையாது. அதற்கென்றே விற்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் மெல்லக் கலக்கி, பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் பார்த்த காணொளிகள் அனைத்திலும் அந்த ‘மெல்ல’வை அழுத்தி அழுத்திச் சொன்னார்கள். பாவம், ஆற்றத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைசலை ஊற்றினேன். குச்சியால் கலக்கினேன். அடியில் கட்டி கட்டியாக நின்றது. மணியைப் பார்த்தேன். இரண்டு எவர்சில்வர் குவளைகளை எடுத்தேன்.

முதல் இழுப்பு ஒரு சாண். பழைய கை, மறக்கவில்லை. அடுத்தது ஒரு முழம். சிவப்புச் சாயம் பட்டு நூல் போல இறங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மேலே ரோஜா நிறத்தில் நுரை எழும்பியபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

என் மனைவி கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, சாயத்த யாருக்கு ஆத்துறீங்க?”

“பதம் பாக்கிறேன். உனக்குப் புரியாது.”

“ஆமா. அதுல சீனி போட மறந்துடாதீங்க.”

காகிதத்தில் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும் என்பதும் காணொளியில் இருந்தது. கலைஞனுக்கு ஒத்திகை எதற்கு? நேராக லோரியைக் குறிபார்த்து விசையை அழுத்தினேன். புஸ்ஸென்று வர வேண்டியது, புளுக், புளுக் என்று துப்பியது. நுரையோடு போன சாயம் நுரையோடுதானே வெளியே வரும்! லோரியின் முகமெல்லாம் குமிழி. காய்ந்தால் அடங்கிவிடும் என்று ஹேர்டிரையரைக் காட்டினேன். அடங்கவில்லை, இறுகியது. ஒவ்வொன்றையும் குண்டூசியால் குத்தினேன். குமிழி போய்க் குழி வந்தது. சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க நேரமில்லை. மணி நான்கு.

கலா லோரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். காரில் ஜெராம் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

விருந்தில் மாமாவின் லோரி நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர். நடுவில் மாமா, சப்பாத்தோடு, யாருக்கோ நடக்கும் விருந்து போல உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டு நான் கதவுப் பக்கமாக நின்றுகொண்டேன். (ஓட வசதி.)

மாமா திறந்தார். கண்ணாடியை மாட்டினார். ஒரு விரலால் லோரியின் முகத்தை மெல்லத் தடவினார். அக்கா என்னை முறைத்தாள்.

“மச்சான்,” என்றார் மாமா.

“மாமா...”

“முப்பது வருசத்துல இந்த லோரிக்கு டயர் வெடிச்சிருக்கு. பிரேக் போயிருக்கு. ரெண்டு தடவ ரோட்டோர அலோரு பள்ளத்துல எறங்கியிருக்கு. அம்மை மட்டுந்தான் போடல. அதையும் நீ போட்டு விட்டுட்டியேயா!”

எழுந்தார். வாசலுக்குப் போய் வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்துவந்து, லோரியைத் தட்டில் படுக்கவைத்து, தலைமாட்டில் வேப்பிலையை வைத்தார். அக்காவிடம் திரும்பி, “இந்தாம்மா, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் தாளிக்கக் கூடாது,” என்றார்.

“ஐயோ, அடுப்புல கோழி பொரியுது!” என்று அக்கா கத்தினாள்.

முதலில் சிரித்தது மாமாதான். மூன்று வாரத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் நிறுத்துவதாக இல்லை. கலா சாயம் ஆற்றிய கதையை நடித்தே காட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு துண்டு கோழியைக் கூடுதலாக என் தட்டில் வைத்தாள்.

லோரி இன்றும் ஜெராம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், வேப்பிலையோடு படுத்திருக்கிறது. தினமும் காலை ஐந்து மணிக்கு மாமா இலையை மாற்றுகிறார். இப்போது அவருக்குப் போக ஒரு வேலை இருக்கிறது. தண்ணி மட்டும் இன்னும் ஊற்றவில்லை. ஊற்றினால் நோயாளி குணமாகிவிடுவானாம், கதை முடிந்துவிடுமாம்.

அந்த வீட்டில் தேநீர் கலக்க நான் எழுந்தால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்:

“மச்சான், குச்சியால மெல்லக் கலக்கு. இழுக்காதே!”