பேச்சிச்செல்வி பஞ்சுவதைப் படலம்

வாழ்க பேச்சிச்செல்வி! ஓட்டப்பிடாரத்துக் கரிசல் மண்ணில் உதித்தவளே, ஏழேகால் பஸ்ஸின் படிக்கட்டை நாள்தோறும் ஒற்றைக் கையால் வென்று வருபவளே, துறைமுகச் சாலையில் வெண்ணுரை கக்கி நிற்கும் அம்புரோஸ் சலவையகத்தின் துணி உலர்த்தும் டிரையர் எனும் இரும்பு வயிற்று அரக்கனைப் பதினோரு ஆண்டுகளாகக் கட்டி மேய்க்கும் கையுறைக் கரத்தாளே, கூந்தலெல்லாம் பஞ்சு படிந்தும் குனியாத தலையினளே, உன் புகழை யாம் பாடுகிறோம். கேட்க வந்தவர்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள், இங்கே வெக்கை அதிகம்.

அன்று மதியம் மணி இரண்டு. நெடுந்தொலைவு கடந்து வந்து துறைமுகத்தில் நங்கூரமிட்ட பெருங்கப்பல் ஒன்றின் மாலுமிகள் படுத்துப் புரண்ட இருபது வெள்ளை விரிப்புகள், அவ்வரக்கனின் வயிற்றுக்குள் ஒன்றரை மணி நேரம் கறங்கிச் சுழன்று, உருண்டு புரண்டு, வெந்து விம்மி, உள்ளே போன ஈரத்தோடு அப்படியே வெளியே வந்தன. வெளியில் கொடியில் போடலாமென்றால், கரி லாரிகள் வரிசை கட்டிப் போகும் சாலை அது. வெள்ளையாகப் போட்டதைச் சாம்பலாகத்தான் எடுக்க வேண்டும். நாலு மணிக்குக் கப்பலின் வண்டி வந்துவிடும்.

அப்போது, வலை பின்னும் வீட்டில் பிறந்தும் கடலுக்குப் போகாமலே கடலைப்போல் இரையும் கண்டத்தையுடைய சலவையகத்து அதிபர் அம்புரோஸ் அண்ணாச்சி, எண்திசையும் நடுங்க, இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு தாமாகவே சூடாற, பேரறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

"ஏளா பேச்சி! துணியில உதிருற பஞ்சை ஒழுங்கா எடுத்திருந்தா இப்படி ஆவுமா? நாலு மணிக்குள்ள விரிப்பு காயலன்னா நாளையிலருந்து நீ இங்கன வராண்டாம்!"

காவிய நாயகியர் இத்தகைய வேளையில் நகைப்பார்கள் என்று சொல்வதுண்டு. இவள் நகைக்கவில்லை. பயந்தாள். பதினோரு வருடத்து வேலை ஒரு ஈரத் துணியில் போய்விடுமோ என்று விரிப்பின் ஓரத்தை மறுபடி பிழிந்து பார்த்தாள்.

அந்தக் கலக்கத்தைக் கண்டு, இஸ்திரி மேசைக்கு அரசியும் குறுக்கு வழிகளின் களஞ்சியமுமான சீனித்தாய் நெருங்கி வந்து, தேன் தடவிய குரலில் உபாயம் உரைத்தாள். "அந்தப் பஞ்சு புடிக்கிற சல்லடையைக் கழத்தி வச்சிட்டு ஓட்டுளா. காத்து குபுகுபுன்னு போவும். அரை மணியில காஞ்சிரும்."

"பஞ்சு உள்ள போயி சூட்டுக்கம்பியில விழுந்தா தீப்பிடிச்சிரும்க்கா. விரிப்பும் போவும், நாமளும் போவோம்" என்றாள் பேச்சிச்செல்வி. இவ்வொரு வாக்கியத்துக்காகவே அவளுக்குச் சிலை வைக்கலாம், வைக்க இடமில்லை.

பின்னர் எழுந்தாள். மெயின் சுவிட்சை அணைத்து அரக்கனின் உயிர்நாடியை அறுத்தாள். வெம்மை அடங்கும்வரை, நாலு மணி நெருங்க நெருங்கவும், கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் சும்மா நின்றாள். போரில் ஆகக் கடினமான பகுதி அதுதான். ஆறியதும் சல்லடையை உருவினாள்: சுத்தம், காலையில் அவளே துலக்கியது. பின்மூடியைத் திருகிக் கழற்றி, மூலைமுடுக்கெல்லாம் தூரிகை வீசி, சூட்டுக்கம்பியின் இடுக்குகளில் வேக்குவம் கிளீனரின் தும்பிக்கையை நுழைத்து உறிஞ்சினாள்: பிடியளவுகூடத் தேறவில்லை. காற்றுக்குழாயை அரக்கனின் முதுகிலிருந்து கழற்றி, சுவருக்குள் போகும் அதன் வாயில் கண்ணை வைத்தாள். வெளியே திறக்க வேண்டிய மறுமுனையில் வெளிச்சமே இல்லை.

எதிரி உள்ளே இல்லை! ஏணியைத் தோளில் சுமந்து, கட்டடத்தின் பின்புறம், கருவாடு காயும் மணம் மூக்கைத் துளைக்கும் அந்த மேற்குச் சுவரை அடைந்து, ஆறு படி ஏறி, குழாய் வெளியே முடியும் இடத்தைக் கண்டாள். ஆ! கூனி எனும் பொடி இறால் பிடிக்கும் பொடிக்கண் வலை ஒன்று அதன் வாயில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க, பல வாரத்துப் பஞ்சு அதற்குள் திரண்டு, மெத்தைக்கு அடைத்ததுபோல் விம்மிப் புடைத்துக் கிடந்தது. காற்று போக வழியில்லாமல் அரக்கன் மூச்சுத் திணறியிருக்கிறான், பாவம். அவள் கயிற்றை அவிழ்க்க முனைந்தாள். நகம் உடைந்தது, முடிச்சு அசையவில்லை. கத்தரிக்கோலால் கயிற்றை மறுபக்கம் வெட்டி, முடிச்சோடு வலையைப் பறித்து, குழாயைத் துலக்கி மீண்டும் மாட்டி, மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டாள்.

அரக்கன் முழங்கினான். நாற்பது நிமிடத்தில் இருபது விரிப்புகளும் அப்பளமாய்க் காய்ந்து, மடிக்கப்பட்டு, நாலு மணிக்கு வந்த வண்டியில் ஏறின. நாலு ஐந்துக்கு அம்புரோஸ் அண்ணாச்சி மேசையை ஓங்கி அறைந்து இரண்டாம் பேரறிக்கையை வெளியிட்டார்.

"குழாய் வாயை அடைச்சது எவம்லே? ஆளு தெரியட்டும், இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்புதேன்!"

பேச்சிச்செல்வி வலையைக் கொண்டுவந்து, முடிச்சு மேலே தெரியும்படி, அவர் முன் மேசையில் வைத்தாள். வலை பின்னும் வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டுமே போடும், இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. அந்தச் சலவையகத்தில் அப்படி வளர்ந்தவர் ஒருவர்தான். பஞ்சு பறந்து கருவாட்டில் விழுகிறது என்று பின்வீட்டார் முறையிட்டபோது, "நான் பாத்துக்கிடுதேன்" என்று ஏணி ஏறியவரும் அவரேதான். சீனித்தாய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அண்ணாச்சி முடிச்சைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தொட்டும் பார்த்தார்.

"ஏளா, டீ குடிச்சியா?" என்று கேட்டார்.